ஸ்டபிள்: அர்த்தமும் உச்சரிப்பும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

தாடி, மீசை பற்றிய ஆங்கிலச் சொற்களில் நம் பக்கத்துப் பிள்ளைகளை அதிகம் தடுமாற வைப்பது ‘ஸ்டபிள்’. ‘குறுந்தாடி’ என்று யாரோ சொல்லிக்கொடுத்திருப்பார்கள். பிறகு செய்தித்தாளில் ‘ஸ்டபிள் பர்னிங்’ என்று படித்ததும், தாடியை ஏன் எரிக்கிறார்கள் என்று குழம்பிப்போவார்கள். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைக்காரர்கள் இந்தச் சொல்லைக் கற்றுக்கொள்ள அகராதியைவிடத் தை மாதத்து வயலே நல்ல இடம் என்பது என் எண்ணம். மாணவர்களும் வெளிநாட்டு வேலைக்குக் கிளம்புகிறவர்களும் வழக்கமாகக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

ஸ்டபிள் என்றால் என்ன?

இரண்டு அர்த்தம் உண்டு. ஒன்று, கதிர் அறுத்த பிறகு வயலில் நிற்கிற அடித்தாள். இன்னொன்று, சவரம் செய்து ஓரிரு நாளில் முகத்தில் முளைத்து நிற்கிற கட்டை முடி. பேச்சில் ‘ரெண்டு நாள் தாடி’ என்கிறோமே, அதுதான்.

எப்படி உச்சரிப்பது?

‘டபுள்’, ‘ட்ரபுள்’ இரண்டும் உங்கள் வாயில் ஏற்கெனவே சரியாக வருகின்றன. அதே ஓசைதான் இதற்கும். டபுளுக்கு முன்னால் ஒரு ‘ஸ்’ போட்டு, ‘ட’வை அழுத்திச் சொன்னால் முக்கால்வாசி வேலை முடிந்தது. ஆங்கிலத்தில் இவை எதுகையாக வரும் சொற்கள். எழுதும்போது ஸ்டபிள் என்றாலும் ஸ்டபுள் என்றாலும் தவறில்லை. பின்பாதியில் உயிரெழுத்தே அரைகுறையாகத்தான் ஒலிக்கும்.

நம்மவர்கள் சறுக்குகிற இடங்கள் சில.

முதலாவது, ‘இஸ்டபிள்’. ஸ்டேஷனை ‘இஸ்டேஷன்’ என்கிற பழக்கம் இதிலும் வந்துவிடுகிறது. இதற்கு நான் சொல்லும் வழி: ‘பஸ் ஸ்டாண்டு’ என்று சொல்லிப் பாருங்கள். கும்பகோணத்தில் யாரும் ‘பஸ் இஸ்டாண்டு’ என்பதில்லை, ‘பஸ்டாண்டு’ என்று ஒரே மூச்சில் போய்விடும். அதே வேகத்தில் ‘பஸ்ஸ்டபிள், பஸ்ஸ்டபிள்’ என்று நாலைந்து முறை சொல்லிவிட்டு, முன்னால் இருக்கிற ‘ப’வை விட்டுவிடுங்கள். நாக்கு பழகிவிடும்.

இரண்டாவது, ‘ஸ்டப்பிள்’. ஆங்கில எழுத்தில் ‘பி’ இரண்டு முறை வருவதால் தமிழிலும் இரட்டித்து எழுதிவிடுகிறார்கள். தமிழில் ‘ப்ப’ என்று இரட்டித்தால் ஒலி வல்லினமாக, ‘அப்பா’வில் வருவது போல ஆகிவிடும். இங்கே வேண்டியது ‘சபை’, ‘கோபம்’ ஆகியவற்றில் வரும் மென்மையான ‘ப’. தமிழில் இரு உயிர் ஒலிகளுக்கு நடுவே ஒற்றைப் ‘ப’ வந்தால் தானாகவே அப்படித்தான் ஒலிக்கும். ஆகவே ஒற்றைப் ‘ப’ போட்டு எழுதி, எழுதியபடியே படித்தால் போதும்.

மூன்றாவது, ‘ஸ்டேபிள்’. இது வேறு சொல். உறுதியானது என்றும் குதிரை லாயம் என்றும் பொருள். ‘ஹீ ஹேஸ் எ ஸ்டேபிள்’ என்றால் அவரிடம் குதிரை லாயம் இருக்கிறது என்றாகிவிடும்.

கடைசியில் ‘உ’ சேர்க்காதீர்கள். டேபிளு, சைக்கிளு என்று பேசும் ஊர் நம்முடையது. வீட்டில் அப்படிப் பேசுவதில் ஒரு குறையும் இல்லை. நேர்முகத் தேர்வில் மட்டும் ‘ள்’ளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இங்கிலாந்து போகிறவர்களுக்கு இன்னொன்று. லீட்ஸ், மான்செஸ்டர் போன்ற வடபகுதி ஊர்களில் இதே சொல் ‘ஸ்டுபிள்’ என்று காதில் விழும். அங்கே ‘கப்’ ‘குப்’ ஆகவும், ‘பஸ்’ ‘புஸ்’ ஆகவும் ஒலிக்கும். அது அந்த வட்டாரத்துப் பேச்சு. கேட்டுப் புரிந்துகொண்டால் போதும், நாம் மாற்றிப் பேச வேண்டியதில்லை.

வயலுக்கும் முகத்துக்கும் ஒரே சொல்லா? எது முதலில் வந்தது?

வயல்தான் முதலில். லத்தீனில் தாளையும் வைக்கோலையும் குறித்த ‘ஸ்டிபுலா’ என்ற சொல் பழைய பிரெஞ்சு வழியாக, 1300ஐ ஒட்டி ஆங்கிலத்துக்கு வந்தது. சுமார் 300 ஆண்டுகள் அது கதிர் அறுத்த நிலத்துக்கு உரிய சொல்லாகவே இருந்தது. 16ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் ஆண்களின் முகத்துக்கு ஏறியது.

அப்படி ஏறிய இடத்தை ஷேக்ஸ்பியரிடம் பார்க்கலாம். 1598இல் அச்சான ‘நான்காம் ஹென்றி’ முதல் பாகத்தில், போர் முடிந்து களைத்து நிற்கும் ஹாட்ஸ்பர் என்ற வீரனிடம் அரசவைப் பிரபு ஒருவர் மாப்பிள்ளைக் கோலத்தில் வந்து நிற்கிறார். அவருடைய முகவாய் அப்போதுதான் அறுத்தது போலவும், அறுப்புத் திருநாளில் தாள் நிற்கும் நிலம் போலவும் இருந்தது என்று ஹாட்ஸ்பர் எரிச்சலோடு சொல்கிறான். இந்த வரியை நகரத்தில் வளர்ந்த பிள்ளைக்கு விளக்கப் படம் போட்டுக் காட்ட வேண்டும். மன்னார்குடிப் பிள்ளைக்கு ஜன்னலைத் திறந்துவிட்டால் போதும்.

அறுப்பு முடிந்த மறுநாள் வயலில் வெறுங்காலோடு இறங்கியவர்களுக்கு இந்த ஒப்புமை நன்றாகத் தெரியும். அரிவாளால் அறுத்த தாள் தரையை ஒட்டி, சாய்வான வெட்டோடு நிற்கும். காலை நேராக வைத்தால் உள்ளங்காலில் குத்தும். அதனால் பழகியவர்கள் பாதத்தைச் சற்றுத் தேய்த்தாற்போல வைத்து, தாளை மடக்கி மிதித்துக்கொண்டே நடப்பார்கள். இரண்டு நாள் மழிக்காத கன்னத்தில் கையைக் கீழிருந்து மேலே தடவினாலும் இப்படித்தான் குத்தும், மேலிருந்து கீழே தடவினால் படிந்து கொடுக்கும். மெஷின் அறுப்பு வந்த பிறகு தாள் உயரமாக நிற்கிறது. அதையும் ஆங்கிலத்தில் ஸ்டபிள் என்றே சொல்வார்கள். உயரத்துக்கு ஏற்பப் பெயர் மாறாது.

ஜெர்மன் மொழியிலும் இதே கதைதான். ‘ஷ்டொப்பல்ஃபெல்ட்’ என்றால் அறுத்த வயல், ‘ஷ்டொப்பல்பார்ட்’ என்றால் கட்டைத் தாடி.

தாளடி என்று நாம் சொல்வதும் இதுதானா?

ஆமாம். இதை எவ்வளவு சொன்னாலும் எனக்கு அலுப்பதில்லை. ஸ்டபிளுக்கு நேரான தமிழ் ‘தாள்’, ‘அடித்தாள்’, ‘தாளடி’. குறுவை அறுத்த நிலத்தில், அந்தத் தாளை மடக்கி உழுது, ஐப்பசி வாக்கில் மறுபடி நடுகிற இரண்டாம் போகத்துக்குத் தாளடி என்ற பெயர் இதனால்தான் வந்தது. ஒரு பயிரின் தாள் நின்ற அடியிலேயே அடுத்த பயிர் நிற்கிறது. மாசியில் அறுக்கிற அந்தப் போகத்தின் பெயரில் ஸ்டபிள் முழுசாக உட்கார்ந்திருக்கிறது. பள்ளிக்கூடத்தில் இதை யாரும் சுட்டிக்காட்டாதது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

‘தாள்’ என்றதும் இன்றைய பிள்ளைகளுக்குக் காகிதம்தான் நினைவுக்கு வருகிறது. வினாத்தாள், விடைத்தாள். தண்டு என்ற பழைய பொருளோ ‘வெங்காயத்தாள்’ என்று சமையலறையில் இன்னும் உயிரோடு இருக்கிறது.

சம்பா அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னால், வயலில் ஈரம் இருக்கும்போதே உளுந்தையும் பச்சைப் பயறையும் தெளித்துவிடுவார்கள். அறுத்து முடித்தால் தாளுக்கு நடுவே பச்சை முளைத்திருக்கும். இதை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டுமானால் ‘பிளாக் கிராம் குரோயிங் இன் தி ஸ்டபிள்’ என்று தயங்காமல் சொல்லலாம்.

ஸ்ட்ரா, ஹே, ஸ்டபிள்: என்ன வித்தியாசம்?

நிற்பது ஸ்டபிள். அறுத்து, அடித்து, நெல்லை உதிர்த்த பிறகு மிஞ்சும் வைக்கோல் ஸ்ட்ரா. ஹே என்பது தீவனத்துக்காக அறுத்துக் காயவைத்த புல். நம் ஊர் வைக்கோல்போரை ‘ஹே ஸ்டாக்’ என்று பல பாடநூல்கள் பழக்கிவிட்டன. நெல் வைக்கோலாக இருந்தால் ‘ஸ்ட்ரா’ என்பதே சரி.

செய்திகளில் வரும் ‘ஸ்டபிள் பர்னிங்’?

பஞ்சாப், ஹரியானாவில் நெல் அறுத்த கையோடு கோதுமை விதைக்க வேண்டும். இடையில் கிடைப்பது சில வாரங்களே. மெஷின் அறுத்துவிட்டுப் போன தாளையும் சிதறிய வைக்கோலையும் அப்புறப்படுத்த நேரமும் செலவும் ஆகும் என்பதால் பலர் தீ வைத்துவிடுகிறார்கள். அக்டோபர், நவம்பரில் டெல்லியை மூடும் புகைமூட்டத்துக்கு அதுவும் ஒரு காரணம். தமிழில் ‘பயிர்க்கழிவு எரிப்பு’ என்று எழுதுகிறார்கள். ‘தாள் எரிப்பு’ என்று எழுதினால் நம் விவசாயிக்குச் சட்டென்று புரியும்.

முகத்து ஸ்டபிளுக்குத் தமிழில் என்ன சொல்வது? ‘அரும்பு மீசை’ சரியா?

சரியில்லை. அரும்பு மீசை வயசுப் பையனுக்கு முதன்முதலாகப் பூக்கிற மென்முடி. அது குத்தாது. ஸ்டபிள் ஏற்கெனவே மழித்த இடத்தில் திரும்ப வரும் முரட்டு முடி. ‘குறுந்தாடி’யும் முழுசாகப் பொருந்தாது. அது ஒருவர் விரும்பி, வெட்டி ஒழுங்குபடுத்தி வைத்துக்கொள்கிற தாடியையும் குறிக்கும்.

பேச்சில் இருப்பதை எடுத்துக்கொள்வதே நல்லது. ‘ரெண்டு நாள் தாடி’, ‘சேவ் பண்ணாத முகம்’, ‘முகம் சொரசொரன்னு இருக்கு’, ‘முள்ளு முள்ளா முளைச்சிருக்கு’. கதையோ மொழிபெயர்ப்போ எழுதுகிறவர்கள் ‘கட்டைத் தாடி’, ‘மழிக்காத தாடை’ என்று எழுதலாம்.

எத்தனை நாள் வரை ஸ்டபிள், எப்போதிலிருந்து பியர்ட்?

கணக்கு ஒன்றும் கிடையாது. தோல் தெரிகிற அளவுக்கு முடி கட்டையாக, விறைத்து நின்றால் ஸ்டபிள். முடி வளைந்து படிந்து, தோலை மறைக்க ஆரம்பித்தால் பியர்ட். முகத்து முடி நாளொன்றுக்குச் சுமார் 0.3 முதல் 0.4 மில்லிமீட்டர் வளரும். பலருக்கு முதல் வாரம், பத்து நாள் ஸ்டபிளாகவே போகும்.

கார்த்திகையில் மாலை போட்ட சாமிகளைக் கவனித்தால் இந்த மாற்றம் கண்ணெதிரே தெரியும். முதல் வாரத்தில் ஸ்டபிள், இருமுடி கட்டும்போது பியர்ட். வீட்டில் துக்கம் நடந்து, கருமாதி வரை சவரம் செய்யாமல் இருப்பவரை ஆங்கிலத்தில் விளக்க வேண்டுமென்றால் ‘ஹீ இஸ் அன்ஷேவன் பிகாஸ் ஹீ இஸ் இன் மோர்னிங்’ என்று சொல்லுங்கள். அங்கே ஸ்டபிள் என்ற சொல்லைப் போடாமல் இருப்பது நாகரிகம். ஸ்டபிள் தோற்றத்தைப் பற்றிய சொல், துக்கத்தில் இருப்பவரின் தோற்றத்தைப் பேசுவது நமக்கே ஒப்பாது.

வாக்கியத்தில் எப்படிப் பயன்படுத்துவது? பன்மை உண்டா?

எண்ண முடியாத பெயர்ச்சொல். தண்ணீர், அரிசி மாதிரி. ‘ஹீ ஹேஸ் ஸ்டபிள்’ சரி. ‘எ ஸ்டபிள்’, ‘ஸ்டபிள்ஸ்’ இரண்டும் வேண்டாம். அளவு சொல்ல ‘டூ டேஸ் ஸ்டபிள்’, ‘எ பிட் ஆஃப் ஸ்டபிள்’. முகத்தை வர்ணிக்க ‘ஸ்டப்ளி’: ‘ஹிஸ் சின் இஸ் ஸ்டப்ளி’. எழுத்துநடையில் ‘ஸ்டபிள்ட்’ என்றும் வரும்.

‘டிசைனர் ஸ்டபிள்’ என்றால் வேண்டுமென்றே அந்த நீளத்திலேயே டிரிம்மரால் வைத்துக்கொள்வது. 1980களில் ஜார்ஜ் மைக்கேல் போன்ற பாடகர்களால் அது மேற்கில் நாகரிகமாயிற்று. இன்று நம் ஊர்க் கல்யாண ஆல்பங்களில் மாப்பிள்ளைகள் பலர் அதே முகத்தோடுதான் நிற்கிறார்கள். என் அப்பா தலைமுறை மாப்பிள்ளைகளுக்கு முகூர்த்தத்துக்கு முன் வழவழவென்று மழித்துப் படிகாரம் தடவி அனுப்புவதுதான் வழக்கம்.

மழிக்க மழிக்க முடி தடிக்கும் என்பது உண்மையா? ஏன் குத்துகிறது?

உண்மை கிடையாது. தானாக வளர்ந்த முடியின் நுனி மெலிந்து கூம்பி இருக்கும். பிளேடு அதை நடுவில் வெட்டுவதால், திரும்ப மேலே வரும்போது தட்டையான, தடித்த வெட்டுமுனை வருகிறது. அதனால் தடித்தது போலத் தோன்றும், குத்தவும் செய்யும். முடியின் வேர் தோலுக்குள் இருக்கிறது, பிளேடு அங்கே போவதே இல்லை. 1928இலேயே மில்ட்ரெட் ட்ராட்டர் என்ற அமெரிக்க உடற்கூறியல் அறிஞர் ஆண்களின் தாடி முடியை அளந்து பார்த்து, சவரத்தால் நிறமோ தடிமனோ வளரும் வேகமோ மாறவில்லை என்று எழுதிவிட்டார்.

‘ஃபைவ் ஓ கிளாக் ஷேடோ’ என்றால்?

காலையில் சவரம் செய்தவர் முகத்தில் மாலை ஐந்து மணிக்குத் தெரிய ஆரம்பிக்கிற கருமை. 1930களில் அமெரிக்க பிளேடு விளம்பரங்கள் இதைப் பரப்பின. ஸ்டபிளுக்கு முந்திய கட்டம் என்று வைத்துக்கொள்ளலாம்.

இதனால் ஒரு தேர்தலே பேசப்பட்டது. அமெரிக்க அதிபர் தேர்தலுக்காக 1960 செப்டம்பர் 26 அன்று சிகாகோவில் நடந்த தொலைக்காட்சி விவாதத்தில் கென்னடிக்கு எதிரே நின்ற நிக்சன் அப்போதுதான் உடல்நலக்குறைவிலிருந்து எழுந்து வந்திருந்தார். முறையான ஒப்பனை வேண்டாம் என்றுவிட்டு, தாடைக் கருமையை மறைக்க ஒரு பவுடரை மட்டும் பூசிக்கொண்டார். கறுப்பு வெள்ளைத் திரையில் அவர் சோர்ந்தும், மழிக்காதது போலவும் தெரிந்தார். அந்த விவாதத்தைப் பற்றி எழுதுகிற யாரும் அவருடைய தாடையைக் குறிப்பிடாமல் விடுவதில்லை.

வளைகுடாவிலும் மருத்துவமனைகளிலும் ‘நோ ஸ்டபிள்’ என்கிறார்களே, அது கட்டுப்பாட்டுக்காகவா?

உயிர்ப் பாதுகாப்புக்காக. நம் மாவட்டங்களிலிருந்து எண்ணெய் வயல், சுத்திகரிப்பு ஆலை வேலைக்குப் போகிறவர்கள் அதிகம் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

அங்கே ஹைட்ரஜன் சல்ஃபைடு போன்ற விஷவாயு கசியக்கூடிய இடங்களில் சுவாசக் கருவியோடு சேர்ந்த முகமூடி போடச் சொல்வார்கள். அந்த முகமூடியின் ரப்பர் விளிம்பு தோலோடு ஒட்டினால்தான் வெளிக்காற்று உள்ளே வராது. நீளமான தாடி வேண்டியதில்லை, ஒரு நாள் ஸ்டபிள் போதும், அந்த விளிம்பைத் தூக்கிப் பிடித்து ஊசிமுனை இடுக்குகளை உண்டாக்கிவிடும். வாயு அந்த வழியாக வரும். இங்கிலாந்து மருத்துவமனைகளில் எஃப்எஃப்பி3 வகை முகக்கவசம் அணியும் ஆண் நர்ஸ்களுக்கும் இதே விதி. ‘ஃபிட் டெஸ்ட்’ என்ற பொருத்தச் சோதனைக்கு முகவிளிம்பில் முடி இல்லாமல் வரச் சொல்வார்கள்.

அறிவிப்புப் பலகையில் ‘க்ளீன் ஷேவன்’ என்று இருந்தால், அன்று காலை மழித்த முகம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ‘நேத்துதான் சேவ் பண்ணேன்’ என்பது அங்கே செல்லாது. வேண்டுதலுக்காகவோ சமயக் காரணத்துக்காகவோ தாடி வைத்திருப்பவர்கள் முன்கூட்டியே மேற்பார்வையாளரிடம் சொல்லிவிட வேண்டும். முகத்தில் ஒட்டாமல், தலையை முழுக்க மூடிக் காற்று செலுத்துகிற கருவிகளும் இருக்கின்றன. கேட்டால் கிடைக்க வாய்ப்புண்டு, கேட்காமல் தாடியோடு சாதாரண முகமூடியை மாட்டிக்கொண்டு உள்ளே போகாதீர்கள்.

பியர்ட், மஸ்டாஷ், கோட்டீ, சைட்பர்ன்ஸ் இவற்றின் உச்சரிப்பையும் சொல்லுங்களேன்.

தாடிக்கு ‘பியர்ட்’. ‘பேர்ட்’ என்றால் பறவை. ‘பயம்’ என்ற பொருளில் வரும் ‘ஃபியர்’ இருக்கிறதே, அதே ஓசையோடு ‘பியர்’ என்று சொல்லி ‘ட்’டில் முடியுங்கள். பிரிட்டிஷ் பேச்சில் நடு ‘ர்’ கரைந்து ‘பியட்’ போலக் கேட்கும். ‘கேட்டேன்’ என்ற பொருளில் வரும் ‘ஹேர்ட்’ என்ற சொல்லிலும் இதே எழுத்துக்கள் வருகின்றன, ஆனால் அது பறவையோடு சேர்கிற ஓசை. இது ஆங்கில எழுத்துமுறையின் கோளாறு, படிக்கிறவர் மேல் குற்றம் இல்லை.

மீசைக்குப் பிரிட்டனில் ‘மஸ்டாஷ்’, அழுத்தம் பின்பாதியில். அமெரிக்காவில் பெரும்பாலும் ‘மஸ்டேஷ்’ போல, அழுத்தம் முன்பாதியில். கடைசி ஒலி ‘ஷ்’ மட்டும்தான், ‘ச்’ என்று முடிக்கக் கூடாது.

முகவாயில் மட்டும் வைக்கும் தாடி ‘கோட்டீ’, அழுத்தம் ‘டீ’யில். ஆட்டுத்தாடிதான். நம் சலூன்களில் ‘பிரெஞ்சு தாடி’ என்கிற, மீசையோடு வட்டமாகச் சேர்ந்ததையும் வெளிநாட்டில் பொதுவாகக் கோட்டீ என்றே சொல்கிறார்கள். ‘பிரெஞ்சு பியர்ட்’ என்றால் அங்கே பலருக்கும் புரியாது.

கிருதாவுக்கு ‘சைட்பர்ன்ஸ்’. அமெரிக்க உள்நாட்டுப் போர்த் தளபதி ஆம்ப்ரோஸ் பர்ன்சைட் (1824–1881) மீசையோடு இணைந்த பெரிய கிருதா வைத்திருந்தார். முதலில் ‘பர்ன்சைட்ஸ்’ என்றார்கள், பிறகு முன்பின்னாகத் திரும்பி இப்படி ஆயிற்று. எரிப்பதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

சலூனில் ஸ்டபிள் வேண்டும் என்று கேட்பது எப்படி?

வெளிநாட்டில் என்றால் டிரிம்மரின் எண்ணோடு கேளுங்கள்: ‘லீவ் மீ சம் ஸ்டபிள், அபவுட் த்ரீ மில்லிமீட்டர்ஸ்’. 1 மில்லிமீட்டர் வெறும் நிழலாகத் தெரியும், 3 நன்றாகத் தெரியும், 5ஐத் தாண்டினால் தாடி என்பார்கள். பாபநாசத்திலோ நன்னிலத்திலோ என்றால் ‘அண்ணே, சேவிங் வேணாம், மிஷின்ல மூணுல போட்டு விடுங்க, கழுத்துல மட்டும் சுத்தமா எடுத்துடுங்க’ என்று சொன்னால் போதும்.